பதிவேட்டில் ஏறாத விண்ணப்பங்கள்

ஆண்டிமடம்
10.12.2023

அன்புள்ள தம்பி கலைமணிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் நல்லபடியாக இருக்கிறோம். மழை விட்டு முந்திரியில் துளிர் வந்திருக்கிறது. பெரம்பலூரில் நீயும் ஜெகதாம்பாளும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுடைய முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். இந்த வாரத்தில் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இருபத்திரண்டு வருஷமாகக் கிராமத்துத் தபாலாபீசில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியும்.

மணிமொழி பரீட்சை முடிந்து நேற்று விடுதியிலிருந்து வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள்.

அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறக்கும்போதே வந்த மூளை முடக்குவாதம். வலது கை சொன்னதைக் கேட்காது, நடை தள்ளாடும், நாக்கு இழுக்கும். பேச்சு பழகினவர்களுக்குத்தான் புரியும். படிப்பில் எதுவும் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் எம்.ஏ. பொருளியல் வரை வந்திருக்க மாட்டாள். சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆள், ஸ்கிரைப் என்று சொல்கிறார்களே, அதைத்தான் கேட்டாள். உங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பரீட்சை தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, இவள் குரலை ஒரு நாளும் கேட்டிராத முதல் வருஷத்து மாணவி ஒருத்தியைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். 'தேவை நெகிழ்ச்சி' என்று பாடத்தில் ஒரு பகுதியாம். விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்பது பற்றியது. இவள் 'நெகிழ்ச்சி' என்று சொல்ல, அந்தப் பெண் நாலு பக்கமும் 'தேவை மகிழ்ச்சி, தேவை மகிழ்ச்சி' என்று எழுதி வைத்திருக்கிறாள். எட்டிப் பார்த்துத் திருத்தச் சொன்னால் ஹால் சூப்பர்வைசர் வந்து, "ஏம்மா, சத்தம் போடாத. மத்தவங்க எழுத வேணாமா?" என்றாராம். சட்டப்படி தர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தையும் தரவில்லை. மணி அடித்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

தம்பி, பெற்றவள் இதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்? அந்த எழுதிய பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அங்கே உட்கார வைத்தவர்களைத்தான் கேட்கிறேன்.

பாக்யலட்சுமியை உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து மணிமொழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவள். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு இங்கே ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். மணிமொழி வாயசைத்தாலே அவளுக்குப் புரியும். தனக்கு வேண்டிய ஸ்கிரைபை மாணவரே கூட்டி வரலாம் என்று விதி இருக்கிறது. ஏப்ரல் பரீட்சைக்கு அவள் எழுத வேண்டும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பட்டுமா? நீ அந்தத் தேர்வுப் பிரிவிலேயே சூப்பரின்டென்டென்டாக இருக்கிறாய். யோசனை சொல்.

உன் அக்கா,
வளர்மதி

*

பெரம்பலூர்
28.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். ஜெகதாம்பாளுக்கு ஊசி போட்ட பிறகு மாடிப்படி ஏற முடிகிறது. உனக்குச் சர்க்கரை பார்த்தாயா?

மணிமொழிக்கு நடந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். ஆனால் பதிவுத் தபால் மட்டும் வேண்டாம் அக்கா. தபாலில் வந்தால் எங்கள் தேர்வுக் கண்ட்ரோலர் அதைப் புகார் என்று எடுத்துக்கொள்வார். பிறகு பிள்ளையைத்தான் முறைப்பார்கள். அவளை விண்ணப்பத்தை எழுதி என் கையில் கொடுக்கச் சொல். கண்ட்ரோலரின் மேசையில் நானே கொண்டுபோய் வைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை, கையெழுத்து என்று எதுவும் கேட்க வேண்டாம். சொந்த மாமனிடம் என்ன ரசீது?

இங்கே மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையம் என்றே ஒன்று இருக்கிறது. அதன் பொறுப்பில் இருப்பவரிடமும் சொல்லி வைக்கிறேன். நீ கவலைப்படாமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் தம்பி,
கலைமணி

*

பெண்கள் விடுதி, பெரம்பலூர்
19.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது விசித்திரம்தான். இந்த ஒரு வாரத்தில் மட்டும் உங்கள் பிரிவுக்கு நாலு முறை வந்தேன். மூன்று முறை நீங்கள் இல்லை. நாலாவது முறை இருந்தீர்கள், ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் வாக்கியங்கள் முடிய நேரமாகும். அதனால் இடது கட்டைவிரலால் போனில் தட்டி, அச்செடுத்து, உங்கள் உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

முடிவு வந்துவிட்டது. மூன்று தாளில் தோல்வி. முதல் விண்ணப்பத்தை ஜனவரி 8 அன்று கொடுத்தேன். டாக்டர் சான்றிதழ் இணைக்கவில்லை என்றீர்கள். ஜனவரி 29 அன்று இணைத்துக் கொடுத்தேன். பாக்யலட்சுமியின் மதிப்பெண் பட்டியல் வேண்டும் என்றீர்கள். அதையும் சேர்த்து பிப்ரவரி 12 அன்று மூன்றாவதைக் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை.

நீங்கள் அம்மாவுக்கு எழுதியிருந்த உதவி மையத்தைத் தேடிப் போனேன். அது இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிப்ட் இல்லை. முப்பத்தெட்டுப் படி. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது, அது என் வலது கைப் பக்கம். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மேலே போனால் பூட்டு. காவலுக்கு இருக்கும் வைரக்கண்ணு அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார். "அந்த ரூமா? எவனாச்சும் பெரிய ஆளு வந்தா தொறப்பாங்க பாப்பா. நீ எதுக்கு இம்புட்டுத் தூரம் ஏறுன?" என்றார். இறங்கும்போது அவர்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

மையத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று அவரைக் கேட்டேன். நூலகத்தில் கேட்டேன். துறையில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் அவரிடம் பேசியிருப்பீர்கள் அல்லவா? பெயரை மட்டும் எழுதுங்கள். நானே போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மணிமொழி

*

பெரம்பலூர்
11.03.2024

அன்புள்ள மணிமொழிக்கு,

ஆசிகள். உன் கடிதத்தைப் பார்த்தேன். வெயில் ஏறிவிட்டது, வெளியே அலையாதே, நிறையத் தண்ணீர் குடி.

உன் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த மாதம் தரமதிப்பீட்டுக் குழு வருவதால் ஆபீசே தலைகீழாக இருக்கிறது. அது முடிந்ததும் உன் வேலைதான்.

ஒரு சின்ன விஷயம். 21ஆம் தேதி குழு வரும்போது உதவி மையத்தில் நாலைந்து மாணவர்களை வைத்துப் படம் எடுக்கிறார்கள். நீயும் வந்தால் நன்றாக இருக்கும். நல்ல சுடிதாராகப் போட்டுக்கொள். இரண்டு பேரை அனுப்பி உன்னை நாற்காலியோடு தூக்கி வரச் சொல்கிறேன், படி ஏற வேண்டாம். பெரிய மனிதர்கள் உன்னைப் பார்த்தால் நாளைக்கு உனக்கே உதவும்.

உன் மாமா,
கலைமணி

*

ஆண்டிமடம்
02.05.2024

தம்பி கலைமணிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கேயும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஏப்ரல் 24 அன்று காலை உன் வார்த்தையை நம்பி நானும் பாக்யலட்சுமியும் விடிவதற்கு முன் கிளம்பி, ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, அரியலூரில் பஸ் மாறி, ஒன்பது மணிக்கு உங்கள் வாசலில் நின்றோம். பாக்யலட்சுமி கடைக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு மாதமாக மணிமொழியோடு போனில் பாடங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள். வாசலில் அவளை உள்ளே விடவில்லை. அனுமதிக் கடிதம் எங்கே என்றார்கள். உனக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாய்.

நான் கண்ட்ரோலர் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஒரு அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், தபால் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். "மணிமொழின்னு ஒரு விண்ணப்பமும் வரலையேம்மா" என்றார். "மூணு வந்திருக்கணுமே" என்றேன். பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். தபாலை வரி வரியாகப் பார்ப்பதுதானே என் வேலை. என் பெண்ணின் பெயர் இல்லை.

அன்று பரீட்சையில் மறுபடி வேறு ஒரு பெண். மறுபடி அதே கூத்து. இரண்டாவது நாள் மணிமொழி பாதியில் எழுந்து வந்துவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்து, "அம்மா, அந்தப் பொண்ணு அழுவுது. எனக்குப் புரிய மாட்டேங்குதுக்கா, மன்னிச்சிடுங்கன்னு அழுவுது. நான் அதுக்கு ஆறுதல் சொல்றதா, பரீட்சை எழுதுறதா?" என்று கேட்டாள்.

அந்த மூன்று விண்ணப்பங்கள் எங்கே கலைமணி? நேராக ஒரு கேள்வி கேட்கிறேன். நேராகப் பதில் சொல்.

வளர்மதி

*

பெரம்பலூர்
30.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் அளவுக்கு இதை மனதில் போட்டுக்கொள்ளாதே.

ஒரு பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எல்லாக் காகிதமும் பதிவேட்டில் ஏறாது. மேலே இருப்பவர்கள் வாயால் சொல்வதைத்தான் நாங்கள் செய்ய முடியும். எனக்கு அடுத்த வருஷம் உதவிப் பதிவாளர் பதவி வர வேண்டியிருக்கிறது. இந்தச் சமயத்தில் என் அக்கா மகள் பெயரில் ஒரு தகராறு என்றால் என்னைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பேசாமல் நவம்பரில் எல்லாத் தாளையும் சேர்த்து எழுதட்டும். முடியாவிட்டால் தொலைதூரக் கல்வியில் சேர்த்து வீட்டிலிருந்தே படிக்க வைக்கலாமே. அவளுக்கும் அலைச்சல் இல்லை. நான் அவள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

உன் தம்பி,
கலைமணி

*

ஆண்டிமடம்
14.07.2024

கலைமணிக்கு,

உடம்பை விசாரிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை இணையத்தில் போட்டிருக்கிறது. பாக்யலட்சுமி கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். அறுபத்து நாலாம் பக்கத்தில் என் பெண் இருக்கிறாள். மஞ்சள் சுடிதார். நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். பின்னால் கம்ப்யூட்டர், பிரெயில் அச்சு எந்திரம். அதற்குக் கீழே எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: 'ஸ்கிரைப் வசதியும் கூடுதல் நேரமும் பெற்றுப் பயனடைந்த மாணவி. இவ்வாண்டு உதவி கோரி வந்த விண்ணப்பங்களில் நிலுவை ஏதும் இல்லை.'

அதற்கும் கீழே: 'மையப் பொறுப்பாளர்: திரு. கலைமணி.'

போன வருஷத்து அறிக்கையிலும் அதே பெயர்தான். இரண்டு வருஷமாக அந்த மையத்துக்கு நீதான் பொறுப்பு. "பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லி வைக்கிறேன்" என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். யாரிடம் சொன்னாய்? கண்ணாடியில் பார்த்துச் சொன்னாயா? பெயரை மட்டும் எழுதுங்கள் என்று பிள்ளை கேட்டாளே, அப்போதும் உன் கை எழுதவில்லையே. அவளைப் பூட்டின அறை வரைக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற விட்டாயே. சாவி உன் மேசையில் இருந்திருக்கிறது.

பதிவுத் தபால் வேண்டாம், சொந்த மாமனிடம் என்ன ரசீது என்றாய். முன்பின் தெரியாத ஆளாக இருந்திருந்தால் நான் ரசீது வாங்கியிருப்பேன். நீ என் தம்பியாக இருந்ததால்தான் என் பெண்ணிடம் இன்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

படத்தை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "இதுல இருக்கிற பொண்ணுக்கு எல்லாம் கெடைச்சிருக்கு போல" என்றாள்.

இனி உனக்கு நான் எழுத மாட்டேன்.

வளர்மதி

*

பெண்கள் விடுதி, பெரம்பலூர்
26.08.2024

மாமாவுக்கு,

வணக்கம். அத்தை நலமா? அம்மா உங்களுக்கு எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் அலுவலகத்துக்கு ஜூலை மாதம் மனு அனுப்பினேன். அவர்கள் பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த பதிலின் நகல் எனக்கு வந்திருக்கிறது. அதில் மூன்று வரிதான். 'மாணவியிடமிருந்து ஸ்கிரைப் கோரி எவ்வித விண்ணப்பமும் இந்த அலுவலகத்தில் பெறப்படவில்லை. விண்ணப்பிக்காத ஒருவருக்கு வசதி மறுக்கப்பட்டது என்ற கேள்வியே எழவில்லை. மாணவியின் தோல்விக்கு அவரது கற்றல் குறைபாடே காரணம்.'

மூன்றாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் மாமா. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு தலைமை ஆசிரியர் இதையே சொன்னார். அப்போது எனக்கு ஐந்து வயது. அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க எனக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அதை உங்கள் ஆபீஸ் ஒரே வரியில் அழித்துவிட்டது.

செப்டம்பர் 18, புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஆட்சியர் அலுவலகத்தில் காணொளி மூலம் விசாரணை. தரைத்தளம்தான். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட வேண்டியதை அம்மா எழுதிவிட்டாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் விண்ணப்பம் கொடுத்தேனா, இல்லையா? இந்த உலகத்தில் அது இரண்டே பேருக்குத் தெரியும். நான் சொன்னால் யாருக்கும் புரியாது. நான் பேசுவதைச் சொல்லவில்லை மாமா. தெளிவாகவே பேசினாலும், காகிதம் இல்லாதவள் பேச்சு அங்கே யாருக்கும் புரியாது.

மணிமொழி

*

பெரம்பலூர்
13.09.2024

மணிமொழிக்கு,

நலம். 18ஆம் தேதி வருகிறேன்.

மாமா

*

ஆண்டிமடம்
15.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்களைத் தேர்வுப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டு விடுதிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், பதவி உயர்வும் நின்றுவிட்டது என்று அத்தை போனில் சொன்னாள். கேட்டு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அம்மா, அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

நவம்பர் பரீட்சை எழுதிவிட்டேன். ஆணையர் உத்தரவில் இருந்தபடியே கீழ்த்தளத்தில் தனி அறை கொடுத்தார்கள். பாக்யலட்சுமி எழுதினாள். முதல் நாள் கேள்வித்தாளைப் பிரித்ததும் எனக்கு வார்த்தையே வரவில்லை. பாக்யலட்சுமி பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவசரப்படாத. நமக்கு நாலு மணி நேரம் இருக்கு" என்றாள். நாலு மணி நேரம். கடைசியில் பன்னிரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. எழுதியதை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு இடத்தில் திருத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு பரீட்சையில் நேரம் மிச்சமானது அதுதான் முதல் தடவை. மற்றவர்களெல்லாம் இப்படித்தான் இத்தனை வருஷமும் எழுதிக்கொண்டிருந்தார்களா என்று நினைத்ததும் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

என்னை மன்னித்துவிட்டாளா என்று அத்தை மூலமாகக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

விசாரணை அன்று நீங்கள் என் பக்கமே திரும்பவில்லை. ஒரு பழுப்பு உறையை மேசைமேல் வைத்து, அதிலிருந்த கட்டைப் பிரித்து, என்னுடைய மூன்று விண்ணப்பங்களையும் எடுத்துக் காட்டினீர்கள். பல்கலைக்கழக வக்கீல் எழுந்து, "இவர் பொண்ணுக்குத் தாய்மாமன். இதெல்லாம் பின்னாடி எழுதி வாங்கியிருக்கலாம்" என்றார். "பின்னாடி எழுதுனது இல்லைங்க. வாங்குன அன்னிக்கே மூலையில நான் தேதி போட்டிருக்கேன். பதிவேட்டுல ஏத்தாதன்னு கண்ட்ரோலர் வாயால சொன்னாரு. நிலுவைன்னு ஒண்ணு இருந்தா குழுவுக்குப் பதில் சொல்லணுமேன்னாரு. நான் சரின்னுட்டேன்" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் மாமா, நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னுடையதை எடுத்த பிறகும் அந்தக் கட்டில் காகிதங்கள் இருந்தன. என்னுடையதைப் போலவே பாஸ்போர்ட் படம் ஒட்டின விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் வேறு முகம். நீங்கள் அவற்றை மறுபடி உறைக்குள் தள்ளினீர்கள். நான் எண்ணினேன். ஏழு.

நான் உங்கள் அக்கா மகள். அதனால் என்னுடையது வெளியே வந்தது. அந்த ஏழு பேருக்கும் அங்கே மாமா இல்லை. அவர்களுக்கும் தோல்விக்குக் காரணம் கற்றல் குறைபாடு என்றுதான் எழுதியிருப்பார்கள். அவர்கள் அதை நம்பியும் இருப்பார்கள்.

நான் மன்னிப்பதா வேண்டாமா என்பது அந்த உறை காலியான பிறகு யோசிக்க வேண்டியது.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

மணிமொழி

*

பெரம்பலூர்
27.01.2025

அன்புள்ள மணிமொழிக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தைக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது என்று அக்காவிடம் சொல். அவள் கேட்டாள் என்று சொன்னதும் ஜெகதாம்பாள் அழுதுவிட்டாள்.

ஏழு விண்ணப்பங்களையும் என்னுடைய வாக்குமூலத்தோடு ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். இந்த முறை ரசீது வாங்கினேன். நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். அந்த ஏழு பேரில் நாலு பேர் இன்னும் இங்கேதான் படிக்கிறார்கள். அவர்களைத் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னேன். ஒருவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். இரண்டு பேர் எப்படியோ முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் இரண்டாவது பருவத்திலேயே நின்றுவிட்டாள். பெயர் வேணி, பி.எஸ்ஸி. கணிதம். பார்வை மிகவும் குறைவு. கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான் கேட்டிருந்தாள். ஜெராக்ஸ் எந்திரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் வருவது.

போன ஞாயிற்றுக்கிழமை பூலாம்பாடிக்குப் போனேன். ஊருக்கு வெளியே வீடு. களத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா அமாவாசை கூலி வேலை செய்கிறவர். "காலேஜ்லேருந்தா வரீங்க? உக்காருங்க சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அம்மா மருதாயி உள்ளே ஓடிப் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே அந்த விண்ணப்பத்தின் நகல்.

"பதில் வந்துடுச்சுங்களா சார்? குடுத்து ஒண்ணரை வருசம் ஆச்சே."

வேறு எப்படியாவது ஆரம்பிக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அந்த உறையைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "பதில் வரலைங்க. அது என்கிட்டதான் இருந்துச்சு. மேல அனுப்பாம, பதிவேட்டுல ஏத்தாம நான்தான் வச்சிருந்தேன்" என்றேன்.

அமாவாசை களத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருதாயிதான் கேட்டார். "எம் புள்ளைக்குப் படிப்பு ஏறலன்னு ஊரு பூரா நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே சார். ஒனக்கெல்லாம் எதுக்குடி காலேஜுன்னு என் வாயாலயே ஏசுனேனே. அத இப்ப யாருகிட்ட போயி நான் திருப்பி வாங்குவேன்?"

மணிமொழி, அக்கா எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். எதுவும் என்னை இப்படி அடித்ததில்லை.

வேணி அதுவரை சோளக்கதிரை உதிர்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, என் முகத்துக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு கிட்டே வந்தால்தான் தெரியும். "இப்ப அம்மாகிட்ட சொன்னீங்கள்ல, அத எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

பையிலிருந்து தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி எழுதியிருப்பேன். தாளை வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"தெரியல. பெருசா எழுதுங்க. நானே படிக்கணும்."

மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிதான் பிடித்தது. நாலு பக்கம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அவள் வாங்கிக்கொண்டு போய் வெயிலில் நின்று சத்தமாகப் படித்தாள். அமாவாசையும் மருதாயியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்திலும் அவள் தடுமாறவில்லை. கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"கையெழுத்தும் பெருசாப் போடுங்க சார்."

போட்டேன்.

இப்படிக்கு,
கலைமணி